உப்புக் காற்றும் நான்கு சக்கரங்களும்

புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு காரையும் வில்லியனூரில் நிற்கும் அதே வயதுக் காரையும் அடுத்தடுத்து ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தால், இரண்டும் ஒரே ஊர் வண்டிகள் என்று சொல்ல மனம் வராது. வில்லியனூர் வண்டியின் அடியில் செம்மண் அப்பியிருக்கும். துணியால் துடைத்தால் உள்ளே இரும்பு இரும்பாகவே இருக்கும். கடலோர வண்டியிலோ துடைக்கத் துடைக்கத் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். கடற்கரைச் சாலையின் கருங்கற்களில் அலை மோதிச் சிதறும் சாரல் அங்கேயே நின்றுவிடுவதில்லை. காற்றோடு துய்மா வீதியைத் தாண்டி உள்ளே வந்து, நிறுத்தி வைத்த வண்டிகளின் அடிவயிற்றில் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சித்திரை வெயிலிலும் அந்த இரும்பு முழுதாகக் காய்வதில்லை.

எஞ்சின் இதைத் தாங்கிக்கொள்ளும். எண்ணெயும் சூடும் அதற்குக் காவல். தாங்காத இடம் சக்கரத்தின் உட்புறம். அங்கேதான், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கின் கண்களான சென்சார்கள் இருக்கின்றன. என் பட்டறை வாழ்க்கையின் பிற்பாதி முழுவதும் அந்தக் கண்களைத் துடைப்பதிலும், அவை பொய் சொல்கின்றனவா மெய் சொல்கின்றனவா என்று பார்ப்பதிலுமே போனது.

நான் லாஸ்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தவன். கார் வேலையைக் கற்றது நெல்லித்தோப்பில் ஒரு பட்டறையில். அங்கே பெரிய மெக்கானிக்காக இருந்தவரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். அம்பாசிடர், பத்மினி வண்டிகளின் டிரம் பிரேக்கை அவர் சரிசெய்வதைப் பார்க்கவே பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நிற்பார்கள். லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்து, டிரம்மை மாட்டி, கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுப்பார். பிறகு சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு பிரேக்கை மிதிப்பார். "எந்தப் பக்கம் இழுக்குதுன்னு வண்டியே சொல்லும்டா தம்பி, நீ கையை இறுக்காம இரு" என்பார். வண்டி சொல்வதைக் கேட்பது என்ற பாடம் அவரிடமிருந்து வந்தது. கேட்பதற்கு மீட்டரும் ஸ்கேனரும் வேண்டியிருந்த காலத்திலும் அந்தப் பாடம் எனக்குப் பழசாகவில்லை.

பிறகு முதலியார்பேட்டையில், கடலூர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், சொந்தமாகப் பட்டறை வைத்தேன். ஏ.பி.எஸ். அப்போது பணக்கார வண்டிகளின் சமாச்சாரம். 2005இல் வந்த மாருதி ஸ்விஃப்டில்கூட உயர்ந்த ரகம் வாங்கியவர்களுக்குத்தான் அது கிடைத்தது. 2018 ஏப்ரலில் புதிய மாடல் கார்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் எல்லாக் கார்களுக்கும் அரசு அதைக் கட்டாயமாக்கியது. 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கும் அதே காலத்தில் வந்தது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் அதே வேகத்தில் பெருகவில்லை. என் மனத்தாங்கல் அன்றும் இன்றும் இதுதான்.

ஏ.பி.எஸ். என்ற யோசனை பிறந்தது காருக்காக அல்ல, விமானத்துக்காக. தரையிறங்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் தேய்ந்து வெடித்துவிடும். அதைத் தடுக்க 1920களிலேயே முயன்றவர் பிரான்சின் விமான முன்னோடி கேப்ரியல் வாய்சின். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீதிகளில் ஓடும் வண்டிகளுக்கு வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1966இல் இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்.எஃப். காரில் விமானத்திலிருந்து வந்த டன்லப் மாக்ஸரெட் கருவி பொருத்தப்பட்டது. மின்னணுக் கட்டுப்பாட்டுடன் நான்கு சக்கரங்களுக்கும் வேலை செய்யும் முறையை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் கொண்டுவந்தது. அந்த முதல் யூனிட்டின் எடை 6.3 கிலோ. இன்று கார்களில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிலோ.

அது செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஒவ்வொரு வேக சென்சார் இருக்கும். பழைய வகையில் அது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும்தான். எதிரே சக்கரத்தோடு சேர்ந்து பல் வைத்த ஒரு இரும்பு வளையம் சுற்றும். பட்டறையில் நாங்கள் அதை ஏ.பி.எஸ். ரிங் என்போம். ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது சிறு மின் அலை ஒன்று எழும். அலைகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதை வைத்து அந்தச் சக்கரத்தின் வேகத்தைக் கட்டுப்பாட்டுக் கருவி கணக்கிடுகிறது. மற்ற மூன்றும் உருண்டுகொண்டிருக்க ஒன்று மட்டும் திடீரென வேகம் இழந்தால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பொருள். உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் வழியை ஒரு வால்வு அடைக்கும். இன்னொன்று திறந்து அழுத்தத்தை இறக்கும். பம்ப் ஆயிலைத் திருப்பி அனுப்பும். சக்கரம் மறுபடி உருளத் தொடங்கியதும் அழுத்தம் திரும்பும். இவையெல்லாம் ஒரு நொடிக்குள் பல தடவை நடந்துவிடும். மிதித்த காலுக்குக் கீழே பெடல் தடதடவென்று உதறுவது அதனால்தான். பூட்டிக்கொண்ட சக்கரம் வழுக்கும். வழுக்குகிற வண்டியை ஸ்டியரிங்கால் திருப்ப முடியாது. உருளும் சக்கரம் ஓட்டுநர் சொன்ன பக்கம் திரும்பும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டி என் பட்டறைக்கு வந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். வைத்திக்குப்பத்தில், கடலுக்கு மிக அருகில் அவர் வீடு. சிறிய பெட்ரோல் கார், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வேகத்தில் பிரேக் பிடித்தால் ஒன்றும் இல்லை. சிக்னலில் மெல்ல ஊர்ந்து வந்து நிற்கும் கடைசி நேரத்தில் மட்டும் பெடல் உதறும், அடியில் ஏதோ அரைப்பதுபோல் சத்தம் கேட்கும், வண்டி ஓர் அடி முன்னால் போய்த்தான் நிற்கும். மீட்டரில் எந்த விளக்கும் எரியவில்லை. வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு டிஸ்க்கையும் பேடுகளையும் மாற்றியிருக்கிறார்கள். உதறல் போகவில்லை.

"பென்ஷன் பணத்துல பாதி இதுக்கே போயிடுச்சு தம்பி. அஜந்தா சிக்னல்ல முன்னாடி நிக்கிற ஆட்டோவைத் தொட்டுடுவேனோன்னு ஒவ்வொரு நாளும் பயம். பெடல் நடுங்குறப்போ காலை எடுத்துடறேன்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உலுக்கியது. காலை எடுத்தால் பிரேக்கே இல்லை.

டிஸ்க் வளைந்திருந்தால் உதறல் வேகத்தில் அதிகமாகவும் மெதுவில் குறைவாகவும் இருக்கும். இது நேர்மாறு. வண்டியை ஆளில்லாத ஒரு தெருவுக்கு ஓட்டிப் போய், ஏ.பி.எஸ். ஃபியூஸைக் கழற்றிவிட்டு மெல்ல ஓட்டி நிறுத்தினேன். உதறல் இல்லை. ஃபியூஸை மாட்டினேன், உதறல் திரும்ப வந்தது. டிஸ்க்கோ பேடோ காரணமில்லை, தேவையில்லாத நேரத்தில் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஃபியூஸ் இல்லாதபோது சாதாரண பிரேக் இருக்கும், ஆனால் பின் சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்ளக்கூடும். இந்தச் சோதனையை மெதுவான வேகத்தில், காலியான இடத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும்.

ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு ஒன்றும் பதிவாகவில்லை. பல பட்டறைகள் இந்த இடத்தில் கையை விரித்துவிடும். குறியீடு இல்லையென்றால் கோளாறு இல்லை என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவார்கள். நான் நான்கு சக்கர வேகங்களையும் திரையில் நான்கு கோடுகளாக ஓடவிட்டு, பட்டறைப் பையனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லி ஓட்டினேன். முப்பது கிலோமீட்டரில் நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போயின. பத்துக்குக் கீழே இறங்கியதும் இடது முன் சக்கரத்தின் கோடு மட்டும் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுந்தது.

"அண்ணே, இது மட்டும் நொண்டுது" என்றான் பையன். சரியாகச் சொன்னான்.

மல்ட்டிமீட்டரில் சென்சாரின் மின்தடை ஆயிரம் ஓமுக்குச் சற்று மேலே காட்டியது. குறை சொல்ல முடியாத அளவு. ஓம் பார்த்துச் சென்சார் நல்லது, ஆகவே எல்லாம் நல்லது என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். கம்பிச் சுருள் அறுந்திருக்கிறதா என்பதைத்தான் அந்த அளவு சொல்லும். எதிரே சுற்றும் ரிங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பாலிடெக்னிக் படிப்பு எனக்கு அன்று கைகொடுத்தது. சிறிய ஆசிலாஸ்கோப் ஒன்று வைத்திருந்தேன். அதைச் சென்சார் ஒயரில் இணைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றியபோது, ஒரே அளவான அலைகள் வரிசையாக வந்து, ஒரு சுற்றுக்கு ஒரே ஒருமுறை ஓர் அலை மட்டும் நீண்டது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம்.

ஆக்ஸிலைக் கழற்றி, ரிங்கின் மேல் இருந்த துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்துப் பல் பல்லாகப் பார்த்தோம். இரண்டு பற்களுக்கு நடுவே, மயிரிழை அளவில் ஒரு விரிசல். உப்புக் காற்று ரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே புகுந்து துருப்பிடிக்க வைத்திருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது அதிக இடம் கேட்கும். இறுக்கமாகப் போட்ட வளையம் அந்த வீக்கத்தைத் தாங்காமல் வெடித்து, அந்த ஒரு இடைவெளி மட்டும் அகன்றுவிட்டது. வேகத்தில் போகும்போது அலைகள் வலுவாகவும் நெருக்கமாகவும் வருவதால் கருவி அந்த ஒரு பிசகைப் பொருட்படுத்தவில்லை. மெதுவாகப் போகும்போது அதே பிசகு, சக்கரம் நின்றுவிட்டதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது. பூட்டிக்கொள்கிறது என்று எண்ணிக் கருவி பிரேக்கை விடுவித்தது. அது தன் கடமையைத்தான் செய்தது, வந்த செய்திதான் தவறு.

முழு ஆக்ஸிலையும் மாற்றச் சொல்வது வழக்கம். ஆனால் ரிங் மட்டும் தனியாகவும் கிடைக்கும், அதைத் தேடி வாங்கினேன். வாங்கும்போது பற்களை எண்ண வேண்டும். ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ அந்தச் சக்கரம் எப்போதும் வேறு வேகத்தில் ஓடுவதாகக் கருவி நினைக்கும். ஆக்ஸிலில் ரிங் உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுத்தம் செய்து, புது ரிங்கைச் சூடாக்கி விரியவைத்து, கோணாமல் இறக்கினோம். ஆறியதும் அது பிடித்துக்கொண்டது. சென்சாரின் முகத்தில் காந்தம் இழுத்துச் சேர்த்து வைத்திருந்த இரும்புத் தூளைத் துடைத்து, அது உட்காரும் துளையின் துருவைச் சுரண்டி எடுத்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து மாட்டினோம். அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். சென்சாருக்கு அடியில் துரு சேர்ந்து அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலே அலையின் வலு விழுந்துவிடும்.

ஆசிரியரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அஜந்தா சிக்னலில் வண்டி அலுங்காமல் நின்றது. அவர் பெடலிலிருந்து காலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை நான் வாங்கிய கூலியைவிடப் பெரிது.

குறியீடு வராத கோளாறு ஒரு வகை என்றால், வந்த குறியீட்டைத் தவறாகப் புரிந்துகொள்வது இன்னொரு வகை. சி 0035 என்று வந்தால் இடது முன் சக்கர வேக சென்சார். உடனே சென்சாரை மாற்றிவிடுவார்கள். குறியீடு தெருப் பெயரைச் சொல்லுமே தவிர வீட்டு எண்ணைச் சொல்லாது. சென்சார், அதன் ஒயர், கப்ளர், ரிங், பேரிங், சில நேரம் கருவியே, இவை எல்லாம் அந்த ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன. இன்னொன்று, சந்தையில் விற்கும் மலிவான ஸ்கேனர்களில் பல எஞ்சின் குறியீட்டை மட்டும்தான் படிக்கும். ஏ.பி.எஸ். பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதை மாட்டிவிட்டு "கோளாறு எதுவும் இல்லை சார்" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

புதிய வண்டிகளில் பல் வைத்த ரிங் இருக்காது. சக்கர பேரிங்கின் ஒரு பக்க ஓரத்தில், ரப்பர் சீல் போலவே தோன்றும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத காந்தப் பட்டைகள் வரிசையாக இருக்கும். சென்சாரும் வேறு வகை. அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும், ஓம் மீட்டரில் அதைச் சோதிப்பது வீண். ஒருமுறை பேரிங் மாற்றிய கையோடு மஞ்சள் விளக்கு எரிகிறது என்று ஒரு வண்டி வந்தது. வேறோர் இடத்தில் பேரிங்கைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். காந்தப் பக்கம் வெளியே, வெறும் பக்கம் சென்சாரை நோக்கி. பையன்களுக்குக் காட்டுவதற்காகப் புதுப் பேரிங் ஒன்றின் இரண்டு பக்கத்திலும் மெல்லிய தாளை வைத்து இரும்புத் தூளைத் தூவினேன். ஒரு பக்கத்தில் தூள் கோடு கோடாக எழுந்து நின்றது. மறுபக்கத்தில் சும்மா கிடந்தது. அன்றிலிருந்து என் பட்டறையில் யாரும் தாள் வைத்துப் பார்க்காமல் பேரிங் அடித்ததில்லை.

அளவு மாறிய ஒரு டயரைப் போட்டாலும் இதே கூத்துதான். அந்தச் சக்கரம் மட்டும் வேறு வேகம் காட்டும்.

டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவன் வந்து கேட்டதை மறக்க முடியாது. சுற்றுலாப் பயணிகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை விமான நிலையத்துக்கும் திருப்பியும் கொண்டுபோகிறவன். வண்டியின் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனை நெருங்கிவிட்டது.

"அண்ணே, வண்டி நல்லா நிக்குது. அந்த மஞ்ச லைட்டை மட்டும் அணைச்சுக் குடுத்துடுங்க. வேற எடத்துல ஒயரைக் கட் பண்ணி ஆயில் லைட்டோட சேர்த்து விட்டுடறாங்களாம். அதோட சேர்ந்து எரிஞ்சு அதோட சேர்ந்து அணைஞ்சிடுமாம்."

"தம்பி, வண்டி நல்லா நிக்குதுன்னு காய்ஞ்ச ரோட்ல சொல்ற. மரக்காணத்துக்கிட்ட முதல் தூறல்ல மாடு குறுக்கே வந்தா என்ன செய்வ? பின்னாடி ஒரு குடும்பம் உக்காந்திருக்கும். அவங்க உன்னை நம்பி ஏறினவங்க."

அவன் கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஜாக்கி போட்டு, ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுதாகத் திருப்பி, சென்சார் ஒயரை அசைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். சஸ்பென்ஷன் பக்கம் வளைகிற இடத்தில் மேலே உறை முழுசாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி ஒடிந்திருந்தது. ஒயரோடு சேர்த்துப் புது சென்சார் போட்டதும் விளக்கு தானாக அணைந்தது. விளக்கை அணைக்க நேர்மையான வழி அது ஒன்றுதான். எரியும் விளக்கின் ஒயரை வெட்டித் தருகிறவனை நான் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீதிகளில் படகு விட்டு மக்களை மீட்டார்கள், ராணுவம் வந்தது. கதவு உயரத் தண்ணீரில் நின்ற வண்டிகள் அடுத்த சில வாரங்கள் முழுவதும் இழுத்துவரப்பட்டன. எஞ்சினுக்குள் தண்ணீர் போனதா என்று எல்லோரும் கேட்டார்கள். பிரேக் கருவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வண்டி பிழைத்துவிட்டது என்று எடுத்துப் போனவர்கள், மார்கழி, தை என்று ஒவ்வொருவராக மஞ்சள் விளக்கோடு திரும்பி வந்தார்கள். கப்ளரைப் பிரித்தால் செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும்.

அவற்றில் ஒரு வண்டி எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. பம்ப் மோட்டார் கோளாறு என்று குறியீடு. ஓட்டத் தொடங்கிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் கருவி தன் பம்பைக் கணநேரம் சுற்றிச் சோதித்துக்கொள்ளும். உற்றுக் கேட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் விளக்கு எரிந்துவிடுகிறது. முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். அது வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தொகை. எர்த் ஒயரை ஓம் மீட்டரில் பார்த்தால் குறையில்லை. ஆனால் அந்த மோட்டார் சுற்றும்போது இழுக்கும் மின்சாரம் பல ஆம்பியர். மீட்டர் சோதனைக்கு அனுப்பும் மின்சாரமோ மிகச் சிறிது. ஒரே ஒரு கம்பி இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் நல்லது என்று சொல்லிவிடும். ஸ்கேனர் வழியாகப் பம்பை ஓடவிட்டு, ஓடும்போதே எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே வோல்ட்டைப் பார்த்தேன். பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டியது வோல்ட் கணக்கில் ஏறியது. பாடியில் எர்த் போல்ட்டின் அடியில் வெள்ளத் தண்ணீர் அரித்துவிட்டிருந்தது. சுரண்டி, புது முனை போட்டு, கிரீஸ் தடவி முறுக்கினோம். யூனிட்டை யாரும் மாற்றவில்லை.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் பஞ்சுபோல் இறங்கும். அந்தத் தண்ணீர் ஏ.பி.எஸ். யூனிட்டின் நுண்ணிய வால்வுகளையும் உள்ளிருந்து அரிக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது மிகையான செலவு அல்ல, எந்தப் பெரிய யூனிட் விலையோடு ஒப்பிட்டாலும் அது சில்லறை. மாற்றும்போது யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், பழைய முறையில் நிப்பிளைத் திறந்து பெடலை அடித்து அடித்து ஏர் எடுத்தாலும் அது முழுதாக வராது. வால்வுகளையும் பம்பையும் ஸ்கேனரால் இயக்கிக்கொண்டே எடுக்க வேண்டியிருக்கும். டப்பாவில் ஆயில் அடிமட்டம் போகாமல் பார்த்துக்கொள்கிற பையன் இருந்தால் அந்த வேலையே வராது.

வேலை முடிந்து வண்டியைக் கொடுக்கும்போது, நேரம் இருப்பவர்களை ஞாயிறு காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகம் பக்கம் வெறிச்சோடிய சாலைக்கு அழைத்துப் போவேன். மழை பெய்து நனைந்திருந்தால் நல்லது. முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "இப்போ பிரேக்கை முழு பலத்தோட மிதிங்க, காலை எடுக்காதீங்க, ஸ்டியரிங்கை லேசா திருப்புங்க" என்பேன். பெடல் உதறும், வண்டி நிற்கும், சொன்ன பக்கம் திரும்பியும் இருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த உதறலை ஒரு அபாய நேரத்தில் சந்திப்பவர் காலை எடுத்துவிடுவார். ஒருமுறை தெரிந்துகொண்டவர் எடுக்கமாட்டார். இன்னொன்றையும் மறக்காமல் சொல்வேன். மணல் படிந்த சாலையில் ஏ.பி.எஸ். வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்ளலாம். பூட்டிய சக்கரம் மணலைக் குவித்து முட்டி நிற்கும், உருளும் சக்கரம் அதன்மேல் ஏறிப் போகும். காற்று மணலை அள்ளிக் கொட்டும் கடலோரச் சாலைகளில் ஏ.பி.எஸ். இருக்கிறது என்ற தைரியத்தில் வேகம் கூட்டக் கூடாது.

பட்டறையை இப்போது என்னிடம் வேலை பழகியவர்கள் நடத்துகிறார்கள். நான் சும்மா போய் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. வாசகர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. நாளைக் காலையில் சாவியைத் திருப்பும்போது மீட்டரைப் பாருங்கள். ஏ.பி.எஸ். என்று எழுதிய மஞ்சள் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் வண்டியைக் காட்டுங்கள். அதோடு சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாமல் காட்டுங்கள். மஞ்சள் விளக்கு எரியவே இல்லை என்றால், அதுவும் பழைய வண்டியாக வாங்கியது என்றால், யாரோ அதன் வாயை அடைத்திருக்கக்கூடும், அவசியம் பாருங்கள். கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் ஆண்டுதோறும் புரட்டாசியிலேயே, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பாக, நான்கு சக்கரங்களையும் கழற்றிச் சென்சாரையும் ரிங்கையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான்.